பின்பக்கம் பார்க்க

போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து சற்றுக் கண்ணயர்ந்திருந்தேன். என் தங்கை பேத்தி போன் செய்தாள். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் இருக்கிறாள். பூமிக்கு அடியில் இருக்கிற பாறை அடுக்குகளைக் கம்ப்யூட்டரில் படமாக்குகிற வேலை என்று அவள் அம்மா சொல்லுவாள். அதற்கு மேல் அவள் அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் அன்றுவரை தெரியாது.

"தாத்தா, வாட்ஸ்அப்புல ஒரு தாள் அனுப்பியிருக்கேன், பாருங்க. பிரெஞ்சுல கையால எழுதினது. மொழிபெயர்க்கிற சாஃப்ட்வேர்ல போட்டா கையெழுத்து அதுக்குப் பிடிபடல. நீங்க படிச்சுச் சொல்றீங்களா?"

நான் பிரெஞ்சு வழியில் படித்து ப்ரெவே தேறியவன். புதுச்சேரி அரசில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து யு.டி.சி.யாக ஓய்வு பெற்றேன். ஆபீஸில் பிரெஞ்சில் ஒரு பத்திரம் வந்தால் போதும், "அவர்கிட்ட கொண்டு போ" என்று என் மேஜைக்குத்தான் வரும். அதற்காகத் தனிப்படி எதுவும் தரவில்லை. ஓய்வுக்குப் பிறகு யாரும் கேட்காமல் துருப்பிடித்துக் கிடந்த படிப்பு அது. அவள் கேட்டதும் தூக்கம் போய்விட்டது.

தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1970களின் கடைசியில் எழுதியது. பாரிசுக்குக் கிழக்கே, கோதுமையும் சர்க்கரைக்கிழங்கும் விளைகிற சமவெளியில் நடந்த ஒரு நில அதிர்வு ஆய்வின் தினசரிக் குறிப்பு. கட்டம் போட்ட தாள், பென்சில் எழுத்து. ஒரு பத்தியில் வரிசை எண், அடுத்ததில் நேரம், கடைசியில் குறிப்பு. 'திர் ராத்தே' என்றால் வெடி சரியாக வெடிக்கவில்லை. 'த்ராஸ் மோர்த்' என்றால் அந்தத் தடத்தில் உயிர் இல்லை, எதுவும் பதிவாகவில்லை. காற்று பலம் என்று ஓரிடம். டிராக்டர் சத்தம் என்று ஓரிடம். எழுதியவர் மழையில் நனைந்திருக்க வேண்டும், ஒரு மூலையில் எழுத்து கலைந்திருந்தது.

57ஆம் எண்ணுக்கு நேரே 'தெகலாழ்' என்று எழுதி, பக்கத்தில் 'வுவார் ஓ தோ' என்று இருந்தது. முதலாவதற்கு இடம் பெயர்ந்தது என்று பொருள். இரண்டாவது, நம் ஆபீஸ் பாஷையில் பி.டி.ஓ.; பின்பக்கம் பார்க்க.

"சரிம்மா, பின்பக்கம் எங்கே?"

"பின்பக்கமா? ஸ்கேன்ல முன்பக்கம் மட்டும்தான் தாத்தா இருக்கு."

இந்தப் பதிவு அந்தப் பின்பக்கத்தைப் பற்றியது. அதைச் சொல்வதற்கு முன் அவள் வேலை என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் எனக்கு மூன்று ஞாயிறு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததை, ஒரு குமாஸ்தா மூளைக்கு எட்டியவரையில் இங்கே எழுதுகிறேன்.

காரைக்காலில் நான் வேலை பார்த்த நாட்களில், வரப்போரமாகக் கனமான கேபிளை இழுத்துக்கொண்டு போகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நம்மில் பலரும் பார்த்திருப்போம். காவிரிப் படுகையில் எண்ணெய் தேடியவர்கள். (எடுக்கலாமா கூடாதா என்ற சண்டைக்கு நான் இங்கே வரவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.) நேர்கோட்டில் முளை அடித்து, முளைக்கு முளை ஜியோஃபோன் என்ற சிறு கருவியை மண்ணில் குத்தி, ஒரு குழியில் சிறிதாக வெடி வைப்பார்கள். அதிர்வு கீழே போய், ஒவ்வொரு பாறை அடுக்கிலும் கொஞ்சம் திரும்பி மேலே வரும். அது வந்து சேர எத்தனை நேரம் ஆனது என்பதை வைத்து அடுக்குகளைக் கணக்கிடுகிறார்கள். கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்க்கிற மாதிரிதான்.

அந்த அதிர்வுகள் வண்டியில் இருக்கிற காந்த நாடாவில் பதியும். பழைய நாடாக்களில் அது பதிந்த முறைதான் எனக்கு உடனே புரிந்தது. 48 ஜியோஃபோன் கூட்டம் இருக்கிறது என்று வையுங்கள். கருவி ஒன்று முதல் 48 வரை ஒவ்வொன்றாகப் போய் அந்தக் கணத்து அளவை எழுதும். முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். 4 மில்லிசெகண்டுக்கு ஒரு சுற்று. 4 செகண்டில் 1000 சுற்று, மொத்தம் 48,000 எண்கள். இது ஆபீஸ் வருகைப் பதிவேடு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், எல்லோர் பெயரும் வரிசையாக. ஆனால் ஆடிட்டுக்கு வருகிறவர் கேட்பது அது அல்ல. ஒரு ஆளின் லீவுக் கணக்கு வருடம் முழுக்க ஒரே தாளில் வேண்டும் என்பார். பதிவேட்டைப் பிரித்து ஆள்வாரியாக எழுத வேண்டும். நாடா விஷயத்தில் இதற்கு டிமல்டிப்ளெக்ஸ் என்று பெயர். 48 தடத்தையும் தனித்தனியாகப் பிரித்து அடுக்குவது.

அதிலும் ஒரு வம்பு. சிற்றலையும் பேரலையும் ஒரே அளவுகோலில் அடங்காது என்பதால், கருவி ஒவ்வொரு அளவையும் வேண்டிய மடங்கு பெருக்கித்தான் எழுதும். எத்தனை மடங்கு என்பது தனியாகப் பதிவாகும். 'ஆயிரத்தில்' என்று தலைப்பில் போட்டுவிட்டுக் கீழே 25 என்று எழுதுகிற பட்ஜெட் புத்தகம் மாதிரி. தலைப்பைப் படிக்காதவன் 25 ரூபாய் என்று நினைப்பான்.

இந்த மாதிரி ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுதினால் ஒருவர் நாடாவை மற்றவர் படிக்க முடியாது அல்லவா? அதனால் எஸ்.இ.ஜி. என்கிற புவி இயற்பியலாளர் சங்கம், 1967இலிருந்து, நாடாவில் எது எங்கே இருக்க வேண்டும் என்று அச்சிட்டு வெளியிட்டது. களத்தில் பதிவதற்கு எஸ்.இ.ஜி. ஏ, பி, பிறகு சி, டி. அலசலுக்கும் கைமாற்றலுக்கும் 1975இல் வந்தது எஸ்.இ.ஜி. ஒய். இன்றுவரை உலகம் முழுக்க ஓடுவது இந்த ஒய் தான். என் தங்கை பேத்தியின் வேலை, பழைய நாடாவைப் படித்து ஒய்யாக மாற்றுவது. இப்போது எதற்கு அந்தப் பழைய நாடா என்று கேட்டேன். எண்ணெய் தேடி எடுத்த பதிவை வெந்நீர் தேடுவதற்குப் பயன்படுத்துகிறார்களாம். பாரிஸ் வட்டாரத்தில் 1500 முதல் 2000 மீட்டர் ஆழத்தில் டோகேர் என்கிற சுண்ணாம்புப் பாறையில் சூடான தண்ணீர் இருக்கிறது. 1969இலிருந்து மெலன் ஊரில் அதை எடுத்து வீடுகளைச் சூடாக்குகிறார்கள். புதிதாகக் கிணறு போடுமுன் பழைய பதிவுகளை இன்றைய கணக்கு முறையில் மறுபடி அலசிப் பார்ப்பது புது ஆய்வு செய்வதைவிட மலிவு.

எஸ்.இ.ஜி. ஒய் ஃபைலின் அமைப்பைக் கேட்டபோது எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. முதலில் 3200 பைட் வெறும் எழுத்து. 80 எழுத்து வீதம் 40 வரி. ஏன் 80, ஏன் 40? அந்தக் காலத்துப் பஞ்ச் கார்டில் 80 பத்தி. 40 கார்டு அடுக்கின மாதிரி. ஒவ்வொரு வரியும் 'சி' என்ற எழுத்தில் ஆரம்பித்து வரி எண் வரும். யாருடைய ஆய்வு, எந்தக் கம்பெனி, எந்தக் கோடு, என்ன கருவி என்று மனிதன் மனிதனுக்கு எழுதும் இடம் இது. அதன்பின் 400 பைட், இயந்திரத்துக்கான விவரம். பிறகு ஒவ்வொரு தடத்துக்கும் 240 பைட்டில் ஒரு முகப்பு, அதன் கீழே அந்தத் தடத்தின் எண்கள். முகப்பில் ஒவ்வொரு விவரத்துக்கும் இடம் குறித்திருக்கிறது. 9 முதல் 12 வரை களப் பதிவு எண். 73 முதல் 80 வரை வெடி வைத்த இடம். 81 முதல் 88 வரை ஜியோஃபோன் இருந்த இடம்.

இந்த இடக் கணக்கைத்தான் கவனிக்க வேண்டும். பழைய களநாடாவில் பதிவு எண் இருக்கும். 4 மில்லிசெகண்டா 2 மில்லிசெகண்டா என்று இருக்கும். வெடி எந்த முளையில் வைத்தார்கள் என்பது அதில் இல்லை. அது பென்சில் தாளில் இருக்கிறது. மாற்றுகிறவர் தாளைப் பார்த்து முகப்பை நிரப்ப வேண்டும்.

அவள் கோட்டில் என்ன நடந்தது என்றால், முளைக்கு முளை 50 மீட்டர். முதல் பதிவு 101ஆம் முளையில். எனவே பதிவு எண்ணோடு 100ஐக் கூட்டினால் முளை எண். முன்பு யாரோ இந்தச் சூத்திரத்தைப் போட்டு 140 பதிவுக்கும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டிருந்தார்கள். கடைசிப் பதிவு 240ஆம் முளையில் முடிந்தது. ஆனால் சர்வேயர் பட்டியலில் கடைசியாக வெடித்தது 242 என்று இருந்தது. இரண்டு முளை குறைகிறது. அவள் மேலதிகாரி, "கடைசி இரண்டு முளையில வெடிக்காம விட்டிருப்பாங்க, பட்டியல்ல சும்மா எழுதியிருப்பாங்க, மேலே போ" என்று சொல்லிவிட்டார். இவளுக்கு மனசு ஒப்பவில்லை. மறுபடி தாள்களைப் புரட்டியதில்தான் 57க்கு எதிரே அந்தக் குறிப்பு.

வாடிக்கையாளர் மூலமாக ஆவணக் காப்பகத்துக்கு எழுதி, பின்பக்கம் ஸ்கேனாகி வர மூன்று வாரம். நான்கே வரி. பண்ணைக்காரர் அனுமதி தர மறுத்தார், 158, 159 முளைகளில் வெடிக்கவில்லை, கேபிளை மொத்தமாக நகர்த்திவிட்டோம், 58ஆம் பதிவு 160ஆம் முளையில். கீழே ஒரு சுருக்கெழுத்துக் கையெழுத்து. பண்ணைக்காரர் ஏதோ திட்டியிருப்பார் போல, அதையும் மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தார் அந்த மனிதர். அதை நான் பேத்திக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஆக, 58லிருந்து கடைசிவரை எல்லாமே 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நான் கேட்டேன், "இது படத்துல தெரிஞ்சிருக்காதா?" தெரியாதாம். வெடியும் கேபிளும் சேர்ந்தே நகர்ந்ததால் ஒன்றுக்கொன்று உள்ள தூரம் மாறவில்லை. படம் தெளிவாக, அழகாக வரும். இருக்கும் இடம்தான் தவறு. பாறையில் ஒரு பிளவு இந்த வயலுக்கு அடியில் என்று காட்டும், உண்மையில் அது அடுத்த வயலுக்கு அடியில் இருக்கும். 2000 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு துளைக்கிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். இடத்தைச் சென்டிமீட்டரில் எழுதிவிட்டு, 100ஆல் வகுக்க வேண்டும் என்ற குறிப்பை 71ஆம் பைட்டில் போட மறந்தால், அந்தப் பாரிஸ் வயல் பூமியின் சுற்றளவையே தாண்டி எங்கேயோ போய் நிற்கும். எல்லோரும் சிரித்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் திருத்திவிடுவார்கள். அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஐ.பி.எம். முறையில் எழுதிய எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் முறையில் படித்துவிட்டால் நிலைமை வேறு. அலை அலையாகவே தெரியும், ஏற்ற இறக்கம் இருக்கும், உயரம் மட்டும் பொய்யாக இருக்கும். பழக்கமில்லாத கண் ஏமாந்துபோகும். இந்த மாதிரித் தவறுகளும் அந்த 100 மீட்டரும் ஒரே ஜாதி.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. இங்கே ஒரு அலுவலகத்தில், பெயர் வேண்டாம், பழைய எத்தாசிவில் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பிரெஞ்சுக்காரர் பதிவேட்டில் ஓரம் என்று ஒன்று உண்டு. பிறப்புப் பதிவின் ஓரத்தில்தான் பிற்பாடு நடந்ததை எழுதுவார்கள். கல்யாணம், பெயர் திருத்தக் கோர்ட் தீர்ப்பு, எல்லாம். கம்ப்யூட்டர் படிவத்தில் ஓரத்துக்குப் பத்தி இல்லை. டைப் அடித்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் தெரியாது. நாங்கள் நாலு பேர் சரிபார்த்தோம். சரிபார்த்தோம் என்றால், திரையில் இருந்ததைப் படிவத்தோடு சரிபார்த்தோம். பதிவேட்டோடு அல்ல. ஒரு நாளைக்கு 200 பதிவு என்று கணக்கு வைத்திருந்தார்கள், வேறென்ன செய்வது என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து ஒரு அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்தார். புருஷனின் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பெயர், கம்ப்யூட்டர் நகலில் வேறு பெயர். நகலில் இருந்தது அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். திருத்தம் ஓரத்தில் இருந்தது. ஃபைல் மூன்று முறை திரும்பி வந்தது. 22 மாதம். கடைசியில் பதிவேட்டைக் கிடங்கிலிருந்து எடுத்துவரச் சொன்னபோது போய் எடுத்தவன் நான்தான். ஓரத்தைப் படித்தவனும் நான்தான். 'அசலுக்குச் சரியான நகல்' என்று அந்த நகலில் இருந்த கையெழுத்தும் என்னுடையது. அந்த அம்மா கோபப்படவில்லை. "அப்பவே இத ஒரு தரம் பாத்திருக்கக் கூடாதா ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

நல்லவேளை, அந்தப் பதிவேட்டைச் செல்லரித்துவிட்டது என்று அழிப்புப் பட்டியலில் சேர்க்காமல் இருந்தார்கள். சேர்த்திருந்தால் 22 மாதம் அல்ல, என்றைக்குமே வந்திருக்காது.

அதனால் என் கட்சி இதுதான். களப் பதிவை எஸ்.இ.ஜி. ஒய்யாக மாற்றியாகிவிட்டது, இனி பழைய நாடாவும் பென்சில் தாளும் எதற்கு, கிடங்கு வாடகை மிச்சம் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். மாற்றிய ஃபைல் என்பது ஒருவர் படித்துப் புரிந்துகொண்டது. அவர் புரிந்துகொண்டது தப்பு என்று தெரிய வந்தால் திரும்பிப் போக ஓரிடம் வேண்டும்.

நாடாவை அப்படியே வைத்திருந்தால் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. பழைய நாடாவின் பசை ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும். சிலவற்றை மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தித்தான் ஒரு தரம் ஓட்டிப் படிக்கிறார்களாம், நம் வீட்டில் மழைக்காலத்து வடகத்தை அடுப்போரம் வைக்கிற மாதிரி. அந்த ஒரு தரம் ஓடும்போதே, பிரிக்காமல், பெருக்காமல், ஒரு பிட் மாற்றாமல் புதிய டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட வேண்டும். மாற்றுவதை அந்த நகலிலிருந்து செய்யட்டும். தாளையும் அட்டையிலிருந்து அட்டைவரை ஸ்கேன் செய்ய வேண்டும், வெற்றுப் பக்கம் உட்பட. வெற்றுப் பக்கத்துக்கு எதற்குக் காசு என்று ஸ்கேன் செய்கிறவர் கேட்பார். அது வெற்றுப் பக்கம்தான் என்று தெரிவதற்கே அதை ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது, வெடி இடம், ஜியோஃபோன் இடம், எதற்கு எது என்ற பொருத்தம், மூன்றும் எஸ்.பி.எஸ். என்று தனி ஃபைல்களாகவே களத்திலிருந்து வந்துவிடுகின்றன, இந்தப் பழங்கதை எதற்கு என்று பேத்தியின் சிநேகிதர்கள் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். அந்த ஃபைல்களிலும் குறிப்பு எழுத இடம் இருக்கிறது, அங்கே எழுதியதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அவளே சொன்னாள். தவிர, 1960, 70, 80களில் எடுத்த பதிவுகள் எத்தனை ஊர்க் கிடங்குகளில் இருக்கின்றன! வீடும் ரோடும் வந்துவிட்ட இடங்களில் அந்த ஆய்வை அப்படியே இன்னொரு முறை நடத்தவும் முடியாது.

அந்த 40 வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கடைசி இரண்டு வரிக்கு வாசகம் நிர்ணயித்துவிட்டார்கள், மீதி 38. அவள் கைக்கு வருகிற ஃபைல்களில் முக்கால்வாசிக்கு இந்த வரிகள் காலியாகவோ, வேறொரு ஆய்விலிருந்து நகலெடுத்தவையாகவோ இருக்குமாம். மாற்றினவர் எதைப் பார்த்து மாற்றினார், எதை ஊகித்தார் என்று ஒரு வரியும் இருக்காது. இது எனக்கு ரொம்பக் கோபம் வருகிற விஷயம். ஆபீஸில் குறிப்புத் தாள் எழுதாமல் உத்தரவு மட்டும் போட்டால் எங்களை என்ன பாடு படுத்துவார்கள் தெரியுமா?

இவள் எழுதினாள். 58ஆம் பதிவு முதல் முளை எண் இரண்டு கூடுகிறது, ஆதாரம் தினசரித் தாளின் பின்பக்கம் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். வரி எண் போக ஒரு வரியில் 76 எழுத்துக்குத்தான் இடம். அவள் வாக்கியம் 91 வந்தது. எனக்கு அனுப்பினாள். தந்தி அடிக்கிற காலத்தில் வார்த்தைக்குக் காசு கொடுத்துப் பழகிய ஆள் நான். காகிதத்தில் எழுதி, ஒன்றிரண்டு சொல்லை அடித்து, எழுத்தெண்ணி, 74இல் முடித்துத் திருப்பி அனுப்பினேன்.

"இரண்டு இடம் மிச்சம் இருக்கே தாத்தா, என்ன போடட்டும்?"

"சும்மா விடு," என்றேன்.